63 இசட்: ஒரு பழைய அமரர் ஊர்தியின் பிறப்பைத் தேடிய பதினான்கு மாதங்கள்

சென்ற அக்டோபரில் அஞ்சலில் வந்த தடித்த உறை ஒன்றுக்குள் கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்று இருந்தது. ஈமச்சடங்கு நிலையம் ஒன்றின் வாசலில் நீளமான கேடிலாக் வண்டி நிற்கிறது. கூரையின் நடுவில் சுழல்விளக்கு பொருத்தப்பட்டிருக்கிறது. படத்தின் வெள்ளை ஓரத்தில், அக்காலத்தில் படம் கழுவித் தந்தவர்கள் வழக்கமாக அச்சிட்ட பொடி எழுத்தில், 1963 செப்டம்பர் என்று இருக்கிறது. இந்த வண்டி எந்த ஆண்டில் பிறந்தது, முதலில் யாரிடம் இருந்தது என்று பதினான்கு மாதங்களாக நான் தேடிய இரண்டு கேள்விகளும் அந்தப் படத்தோடு முடிவுக்கு வந்தன. மூன்றாவது கேள்விக்கு, அதாவது பாடி கட்டியவர் யார் என்பதற்கு, அதற்குச் சில மாதங்கள் முன்பே விடை கிடைத்திருந்தது. ஆனால் அந்த விடையை அடைவதற்கு முன் நான் முழுத் தவறான ஊரில் இரண்டு சனிக்கிழமைகளைச் செலவிட்டிருந்தேன்.

நான் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் டேட்டன் நகருக்கு அருகே வசிக்கிறேன். மாநிலத்தின் கிழக்கில் ஒரு பண்ணைக் கொட்டகையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்றிருந்த இந்த அமரர் ஊர்தியை 3,800 டாலருக்கு வாங்கினேன். விற்றவர் இதை 1964ஆம் ஆண்டு மில்லர்-மீட்டியர், அதாவது அந்தப் பெயருள்ள நிறுவனம் பாடி கட்டிய வண்டி என்றார். உரிமைப் பத்திரத்திலும் 1964 என்றே இருந்தது. தொலைபேசியில் செய்தி கேட்ட அம்மா, "பொண வண்டியையா வீட்டுக்குக் கொண்டாந்து நிறுத்தியிருக்க?" என்று கேட்டுவிட்டு இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அம்மாவின் கோபத்தைவிட உடனடியான சிக்கல் வேறொன்று. என் கொட்டகையின் உள்நீளம் இருபது அடி. வண்டியின் நீளம் இருபத்தோரு அடிக்கு மூன்று அங்குலம் குறைவு. ஆகவே கதவை மூட முடியாமல், மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நிலையில் தார்ப்பாய் கட்டித்தான் ஒரு குளிர்காலத்தைக் கழித்தேன்.

இந்த வண்டிகள் உருவான முறையை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. சேசிஸ் ஒரு கம்பெனியிலிருந்து வரும்; கரூரில் அதன்மேல் பேருந்துக்குப் பாடி கட்டுவார்கள் அல்லவா, அதே ஏற்பாடுதான். டெட்ராய்ட்டில் கேடிலாக் நிறுவனம் நீட்டப்பட்ட, வலுவூட்டப்பட்ட வணிகச் சேசிஸை, எஞ்சின், முன்பக்கத் தகடுகள், டாஷ்போர்டு ஆகியவற்றோடு அனுப்பும்; அதன்மேல் கூரை, பக்கச் சுவர்கள், பின்கதவு, சவப்பெட்டி நகரும் உருளைகள் பதித்த தளம் என எல்லாவற்றையும் பாடி கட்டும் நிறுவனம் செய்யும். அந்த நிறுவனங்களில் பெரியவை பல ஓஹையோவிலேயே இருந்தன. சின்சினாட்டியில் எஸ் அண்ட் எஸ் என்ற முத்திரையோடு ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட், பிக்குவாவில் மில்லர்-மீட்டியர், லைமாவில் சுப்பீரியர். மூன்று ஊர்களும் என் வீட்டருகே செல்லும் 75ஆம் எண் நெடுஞ்சாலையிலேயே இருக்கின்றன. அதனால் ஒரு மாதத்தில் முடியும் வேலை இது என்று கணக்கிட்டேன்.

முதலில் செய்தது அளவெடுப்பு, அதில் தவறு நேரவில்லை. சக்கரங்களின் மையத்திலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் புள்ளியிட்டு, இரண்டு பக்கமும் தனித்தனியே அளந்தேன். இடப்பக்கம் 156 அங்குலம். வலப்பக்கம் 156 அங்குலத்துக்குக் கால் அங்குலம் குறைவு. அந்தக் கால் அங்குலத்தைத் தேய்ந்த ரப்பர் புஷ்களின் கணக்கில் எழுதிவிட்டேன். 1960களின் தொடக்கத்தில் சாதாரணக் கேடிலாக் 62 வரிசைக்குச் சக்கர இடைவெளி 129.5 அங்குலம், நீண்ட 75 வரிசைக்கு 149.8, வணிகச் சேசிஸுக்கு மட்டுமே 156. யாரோ ஒரு செடானை வெட்டி நீட்டிய வண்டி அல்ல இது என்பது இவ்வாறு முதல் நாளே உறுதியானது. செலவு ஒன்றும் இல்லை. தூக்குக்குண்டு கொத்தனாராக இருக்கும் அண்டை வீட்டுக்காரருடையது.

அதன்பிறகுதான் வழி தவறியது. உரிமைப் பத்திரத்தில் இருந்த எண் 632 என்று தொடங்கி ஒன்பது இலக்கங்களாக, எழுத்தே இல்லாமல் இருந்தது. 1964ஆம் ஆண்டுக் கேடிலாக் என்றால் எண் 64 என்று தொடங்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும். எனினும், பத்திரத்தில் சேசிஸ் எண்ணுக்குப் பதிலாகப் பாடி கட்டியவர்களின் எண்ணை எழுதிவிட்டார்கள் என்று எனக்கு நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஓட்டுநர் பக்கக் கதவின் படியில் மில்லர்-மீட்டியர் என்ற தகடும் இருந்ததால் ஐயம் எழவில்லை. ஏ.ஜே. மில்லர், மீட்டியர் என்னும் இரண்டு பழைய நிறுவனங்கள் 1956இல் ஒன்றாக்கப்பட்டுப் பிக்குவாவில் இயங்கியவை என்பதால், அந்த ஊர் நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவுக்கு இருமுறை சென்று பழைய விளம்பரங்களையும் செய்தித்தாள் கத்தரிப்புகளையும் பார்த்தேன். சுவையான பொருள்கள் நிறையக் கிடைத்தன. என் வண்டியைப் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை. விளம்பரப் படங்களில் இருந்த பின்பக்கக் கண்ணாடியின் வளைவு என் வண்டியோடு பொருந்தவில்லை என்பதைக் கண்ணால் பார்த்தும், படம் வரைந்தவர் மிகைப்படுத்தியிருப்பார் என்று ஒதுக்கிவிட்டேன். குறிப்பேட்டில் அந்த வரி இன்னும் இருக்கிறது. படிக்கும்போது கூச்சமாக இருக்கிறது.

விற்றவர் காதோடு சொன்ன இன்னொரு கதையும் என்னை அந்தத் தவற்றிலேயே நிறுத்தி வைத்தது. 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸில் சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கென்னடியின் உடலை மருத்துவமனையிலிருந்து விமான நிலையத்துக்குக் கொண்டுசென்றதும் 1964 மாடல் மில்லர்-மீட்டியர்தான். ஆகவே இது அதன் உடன்பிறப்பு என்பது அவருடைய வாதம், அதற்கென விலையிலும் சிறிது சேர்த்திருந்தார். டல்லாஸ் வண்டியைப் பற்றிய செய்தி உண்மைதான். அந்த வண்டி 2012 ஜனவரியில் பாரெட்-ஜாக்சன் கார் ஏலத்தில் 1,60,000 டாலருக்குக் கேட்கப்பட்டது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு அதே ஏலத்தில் கென்னடியின் உடலைச் சுமந்த கடற்படை ஆம்புலன்ஸ் என்று விற்கப்பட்ட பான்டியாக் வண்டி ஒன்றைச் சுற்றிப் பெரும் தகராறு எழுந்தது. உண்மையான ஆம்புலன்ஸ் 1986இலேயே நசுக்கி அழிக்கப்பட்டுவிட்டது என்று ஆய்வாளர்கள் மறுத்தார்கள். அந்தத் தகராற்றில் வண்டியின் எண்ணும் ஒரு பொருளாக இருந்தது. அதைப் படித்த இரவில்தான், என் வண்டியின் எண்ணைக் காகிதத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன், இரும்பில் பார்க்கவே இல்லை என்பது உறைத்தது.

அந்த ஆண்டுகளின் கேடிலாக்கில் வரிசை எண்ணைச் சேசிஸ் சட்டத்திலும் எஞ்சின் பிளாக்கிலும் ஒருங்கே குத்தியிருப்பார்கள். இரண்டும் அரை நூற்றாண்டு கிரீஸுக்கும் துருவுக்கும் அடியில் இருந்தன. மூன்று மாலைகள் இதற்கே சென்றன. முதல் மாலை பிளாஸ்டிக் சுரண்டியால் கிரீஸை வழித்து, மண்ணெண்ணெய் நனைத்த துணியை ஒட்டிவைத்து ஊறவிட்டேன். இரண்டாம் மாலை துருவிளக்கும் எண்ணெய் தெளித்துப் பித்தளைத் தூரிகையால் ஒரே திசையில் தேய்த்தேன். எஃகுத் தூரிகையோ சாணைச் சக்கரமோ பயன்படுத்தினால் எண்ணின் விளிம்புகளே போய்விடும். பிறகு எண்ணைத் திருத்தியதாக ஐயப்பட இடமாகும் என்பதால் பொறுமையாகச் செய்யவேண்டியிருந்தது. மூன்றாம் மாலை கைவிளக்கைத் தரைக்கு இணையாகச் சாய்த்துப் பிடித்தபோது எண்ணின் பள்ளங்களில் நிழல் விழுந்தது. அதன்மேல் மெல்லிய காகிதம் வைத்து, நம் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் சேசிஸ் நம்பருக்குப் பென்சில் பிரிண்ட் எடுப்பார்களே, அதேபோல் மென்மையான பென்சிலின் பக்கவாட்டால் தேய்த்தேன். ஏழாவது முயற்சியில் முழு எண்ணும் வந்தது.

63, அடுத்து ஆங்கில இசட், அதன்பின் ஆறு இலக்கங்கள். யாரோ ஒருவர் எப்போதோ அந்த இசட்டை 2 என்று படித்து எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். 63 என்பது மாடல் ஆண்டு. இசட் என்பது வணிகச் சேசிஸைக் குறிக்கும் எழுத்து. எஞ்சின் பிளாக்கிலும் அதே எண் இருந்ததால், அது அந்தச் சேசிஸோடு பிறந்த 390 கன அங்குல எஞ்சின் என்பதும் அத்துடன் முடிவாயிற்று. 1964இல் கேடிலாக் 429 கன அங்குல எஞ்சினுக்கு மாறிவிட்டது. ஆறு மாதங்களாக நான் 1964ஆம் ஆண்டுக்கான பழுதுநீக்கும் கையேட்டை வைத்துக்கொண்டு கார்புரேட்டரோடு மல்லுக்கு நின்றதன் காரணமும் புரிந்தது.

ஆறு இலக்க எண்ணும் ஒரு செய்தி சொன்னது. வண்டியின் வகை எதுவாயினும் கேடிலாக் எண்களை ஒரே தொடராக ஓட்டியது. 1963 மாடலில் மொத்தம் 1,63,174 வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றில் வணிகச் சேசிஸ் 2,527 மட்டுமே. என் எண் 1,18,000ஐச் சற்றுத் தாண்டியது, அதாவது தொடரில் நூற்றுக்கு எழுபத்திரண்டு பங்கு கடந்த இடம். 1962 இலையுதிர் காலத்தில் தொடங்கி 1963 கோடையில் முடியும் உற்பத்திப் பருவத்தில் அது வசந்தகாலத்தில் விழும் என்று பென்சிலால் குறித்துவைத்து, ஜெனரல் மோட்டார்ஸ் காப்பகத்துக்கு எண்ணின் பென்சில் பிரிண்டையும் கட்டணத்தையும் அனுப்பி உற்பத்திப் பதிவின் நகலைக் கேட்டேன். வந்த ஒற்றைத் தாளில் 1963 ஏப்ரல் என்றும், சேசிஸ் அனுப்பப்பட்ட இடம் லைமா, சுப்பீரியர் கோச் என்றும் இருந்தது. பிக்குவாவில் நான் தேடிய வண்டி அதற்கு நாற்பது மைலுக்கும் மேல் வடக்கே பிறந்திருக்கிறது.

காகிதம் ஒருமுறை ஏமாற்றியதால், சுப்பீரியர் என்பதையும் வண்டியிலேயே சரிபார்க்க விரும்பினேன். 32 டாலருக்கு வாங்கிய கம்பிக் கேமராவைக் கதவுத் தட்டிகளின் ஓட்டைகள் வழியாக உள்ளே விட்டுப் பார்த்ததில், தட்டிகளின் முதுகில் மெழுகுப் பென்சிலால் எழுதிய எண் தெரிந்தது. நான்கு தட்டிகளைக் கழற்றினேன். நான்கிலும் ஒரே எண். ஒரு வண்டிக்கு வெட்டிய உறுப்புகள் பட்டறையில் இன்னொரு வண்டியோடு கலந்துவிடாமல் இருக்க இப்படிக் குறிப்பார்கள். கதவுப் படியின் தகட்டைக் கழற்றியபோது அதன் திருகு துளைகள் பிற்காலத்தில் துளைக்கப்பட்டவை என்பதும், அவற்றின் அருகே வேறு இடைவெளியில் அடைக்கப்பட்ட நான்கு பழைய துளைகள் இருப்பதும் தெரிந்தன. 45 டாலருக்கு வாங்கிய 1963ஆம் ஆண்டுச் சுப்பீரியர் விற்பனைக் கையேட்டின் படத்தில் பின்கண்ணாடியின் வளைவு என் வண்டியோடு அச்சாகப் பொருந்தியது. ஓவியரைக் குறைசொன்னதற்காக மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு கூரையில் கிடைத்தது. கூரையின் மேல் ஒட்டியிருந்த கறுப்பு வினைல் ஓரங்களில் கிழிந்திருந்ததால் அதை முழுவதும் நீக்கவேண்டியிருந்தது. நடுப்பகுதியில் தகடு சற்று மேடாக, விரல் நுனிக்கு மட்டுமே தெரியும்படி இருந்தது. பெயிண்டைச் சுரண்டியதும் ஈயம் ஊற்றி அடைத்த ஐந்து துளைகள் தெரிந்தன: நடுவில் ஒன்றரை அங்குலத் துளை, சுற்றிலும் நான்கு சிறிய துளைகள். உள்கூரைத் துணிக்கு மேல் கேமராவை விட்டபோது, துணி சுற்றிய தடித்த மின்கம்பி ஒன்று அந்தத் துளையின் அடியில் முடிந்து, டேப் சுற்றப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பியைப் பின்தொடர்ந்தால் அது டாஷ்போர்டின் அடியில், எங்கும் இணைக்கப்படாத ஒரு சுவிட்சில் போய் நின்றது. பின்தளத்தின் உருளைப் பலகைகளைத் தூக்கிப் பார்த்தேன். மறுபக்கம் அவை சமதளமாக, ரப்பர் விரிப்பு ஒட்டிய தடத்தோடு இருந்தன. உருளை மேலே இருந்தால் சவப்பெட்டி நகரும். புரட்டிப் போட்டால் நோயாளிக் கட்டில் நிற்கும்.

ஆகவே இது அமரர் ஊர்தியாகவும் ஆம்புலன்ஸாகவும் பயன்படும், காம்பினேஷன் என்று அமெரிக்காவில் அழைக்கப்பட்ட வகை. அமெரிக்காவின் சிற்றூர்களில் 1960களிலும் ஆம்புலன்ஸ் ஓட்டியவர்களில் பெரும்பாலோர் ஈமச்சடங்கு நிலையத்தார்தான். ஒருவரைப் படுத்த நிலையில் கொண்டுசெல்லக்கூடிய நீளமான வண்டி ஊரில் அவர்களிடம் மட்டுமே இருந்தது. காலையில் விபத்துக்குச் சென்ற வண்டியே, சுழல்விளக்கைக் கழற்றி, திரையை மாட்டி, பிற்பகலில் கல்லறைக்கும் சென்றது. 1970களில் குறைந்தபட்சக் கூலிச் சட்டங்களும், 1973ஆம் ஆண்டு அவசர மருத்துவச் சேவைச் சட்டமும், மறு ஆண்டு வந்த ஆம்புலன்ஸ் தரவரையறைகளும் சேர்ந்து இந்த வழக்கத்தை முடித்துவைத்தன. என் வண்டி கைமாறிய காலமும் அதுவே என்பது பிறகு தெரியவந்தது.

பெயிண்ட் அடுக்குகளைப் பார்த்த வேலை எளியது, சுருங்கச் சொல்கிறேன். எரிபொருள் மூடிக்கு உட்புறத்தில், வெளியே தெரியாத இடத்தில், 400, 800, 1500 எண் நீர்க் காகிதங்களால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தேய்த்தபோது மரத்தின் வளையங்கள்போல் அடுக்குகள் விரிந்தன: மேலே கறுப்பு, அடுத்து ஊதா, அதற்கும் கீழே மங்கலான சாம்பல். அமரர் ஊர்தியில் ஊதா நிறமா என்று திகைத்தேன். 1970களில் கழித்துவிட்ட இத்தகைய வண்டிகளை இசைக்குழுக்கள் மலிவாக வாங்கி, வாத்தியங்களை ஏற்றிச் செல்லப் பயன்படுத்திய வழக்கம் உண்டு என்று விற்றவர் சொன்னார். இரண்டாம் உரிமையாளர் அப்படி ஒருவர்தான் என்று அவருக்குச் செவிவழிச் செய்தி இருந்தது.

உரிமையாளர்களைத் தேடியதில்தான் அதிகக் காலம் சென்றது. வாகனப் பதிவு ஆவணத்தைக் கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். 1994ஆம் ஆண்டின் ஓட்டுநர் தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி, முந்தைய உரிமையாளர்களின் பெயரும் முகவரியும் மறைக்கப்பட்ட நகல்தான் எனக்குக் கிடைத்தது. எனினும் அதில் ஒரு பயன் இருந்தது. 1976இல் ஒருவர் பத்திரம் தொலைந்துவிட்டதாகச் சொல்லி மாற்றுப் பத்திரம் பெற்றிருக்கிறார். இசட் 2 ஆனதும், 1963 1964 ஆனதும் அந்த ஒரே தாளில் நடந்திருக்கின்றன. தட்டச்சு செய்தவர் எண்ணைத் தவறாகப் படித்திருக்கவேண்டும். ஆண்டை வண்டிக்காரர் வாய்மொழியாகச் சொல்லியிருக்கவேண்டும்.

அடுத்த தடயம் ஓட்டுநர் கதவின் நிலைத்தூணில் இருந்தது. எண்ணெய் மாற்றியதைக் குறிக்கும் காகிதச் சீட்டின் எச்சம் அது. வெறுங்கண்ணுக்கு வெறும் பழுப்புக் கறை. 14 டாலர் புற ஊதா விளக்கில், இருட்டில், 11,400 மைல் என்ற எண்ணும், தெருப் பெயரின் பாதியும், இரண்டு எழுத்தும் ஐந்து எண்ணுமாக எழுதும் பழைய பாணித் தொலைபேசி எண்ணின் முற்பகுதியும் தெரிந்தன. விற்றவர் வண்டியை வாங்கியது ஓஹையோ ஆற்றங்கரைப் பகுதியில் என்பதால், அங்கே எதிரெதிர்க் கரைகளில் இருக்கும் இரண்டு சிற்றூர்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். போல்க் நிறுவனம் வெளியிட்ட நகர விவரத் திரட்டுகளில் பெயர் வரிசைக்கு அப்பால், தெரு வரிசையில் யார் யார் எந்த எண்ணில் இருந்தார்கள் என்ற பகுதியும் உண்டு. அந்தப் பாதித் தெருப் பெயரை அதில் ஓடவிட்டபோது, இரண்டு ஊர்களில் ஒன்றில் மட்டும் அந்தத் தெருவில் ஒரு பெட்ரோல் நிலையம் இருந்தது. தொலைபேசி எண்ணும் பொருந்தியது.

ஊர் கிடைத்ததும் நூலகத்தில் மைக்ரோஃபிலிம் சுருள்களோடு அமர்ந்தேன். அந்த ஊரில் அக்காலத்தில் மூன்று ஈமச்சடங்கு நிலையங்கள் இருந்திருக்கின்றன. விளம்பரங்களில் மூவருமே ஆம்புலன்ஸ் உண்டு என்று போட்டிருந்தார்கள். விபத்துச் செய்திகளில் காயமுற்றவரை எந்த நிலையத்தின் ஆம்புலன்ஸ் கொண்டுசென்றது என்பதையும் எழுதும் வழக்கம் இருந்ததால், ஒவ்வொரு பெயரும் எத்தனை முறை வருகிறது என்று கோடு போட்டுக்கொண்டே வந்தேன். பதினோரு மணி நேரத்துக்குப் பிறகு கண் எரிச்சலும் நாற்பத்தாறு நகல்களும் மிஞ்சின. மூன்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கப் போதிய சான்று மிஞ்சவில்லை. இரண்டு நிலையங்கள் எப்போதோ மூடப்பட்டுவிட்டன. மூன்றாவது இன்றும் அதே குடும்பத்திடம் இருக்கிறது. அவர்களுக்குத் தொலைபேசியில் பேசாமல் கடிதம் எழுதினேன். துக்கத்தில் இருப்பவர்கள் அழைக்கும் எண் அது. பழைய வண்டியைப் பற்றிக் கேட்க அதை அடிப்பது முறையல்ல என்று தோன்றியது. வண்டியின் ஆறு படங்களையும், ஊரின் பெயரையும் அவர்கள் பெயரையும் எங்கும் எழுதமாட்டேன் என்ற உறுதியையும் இணைத்தேன். இங்கும் அந்த உறுதியைக் காப்பாற்றுகிறேன்.

ஐந்து வாரம் கழித்து, நிறுவனரின் பேரனே என்னை அழைத்தார். அவர் முதலில் கேட்ட கேள்வி, "அதன் மூக்கு இன்னும் வளைந்தா இருக்கிறது?" என்பது.

இந்த இடத்தில் என் இன்னொரு தவற்றையும் எழுதவேண்டும். வண்டியின் முன்கிரில், பம்பர், விளக்கு வளையங்கள் ஆகியவை 1964ஆம் ஆண்டுக்குரியவை. பாடியின் நிறத்திலேயே கிடைமட்டப் பட்டை ஓடும் கிரில் அந்த ஆண்டின் அடையாளம். எண் 63 என்று தெரிந்த பிறகு, விலையைக் கூட்டுவதற்காக விற்றவரே முன்பக்கத்தை மாற்றியிருக்கிறார் என்று முடிவுகட்டி, அவருக்குச் சற்றுக் காரமாக ஒரு மின்னஞ்சலும் அனுப்பிவிட்டேன். அவர் மறுத்தார், நான் நம்பவில்லை. ஆனால் பம்பரைத் தாங்கும் இரும்புப் பட்டைகளை நான் அப்போதே ஒழுங்காகப் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். அவை தொழிற்சாலையில் செய்தவை அல்ல. கால் அங்குலப் பட்டை இரும்பைக் கையால் வெட்டி, பித்தளைப் பற்று வைத்து, இடைவெளியைச் சரிக்கட்ட ஒரு பக்கம் மூன்றும் மறுபக்கம் ஐந்துமாக வாஷர்களை அடுக்கியிருந்தார்கள். அந்த வாஷர்களுக்கு அடியிலும் ஊதாப் பெயிண்ட் வழிந்திருந்தது. அதாவது, ஊதா அடிப்பதற்கு முன்பே அந்த முகம் அங்கே இருந்திருக்கிறது. விற்றவர் வாங்கியதோ அதற்குப் பல ஆண்டுகள் கழித்து.

பேரன் சொன்னதும் அதையே உறுதிசெய்தது. ஒரு குளிர்காலத்தில், ஆம்புலன்ஸ் ஓட்டத்தின்போது, பனி உறைந்த பாலத்தில் வண்டி வழுக்கிக் கைப்பிடிச் சுவரில் மோதியிருக்கிறது. தாத்தா புதிய உதிரிபாகங்களுக்குக் காத்திராமல், நொறுங்கிய வேறொரு கேடிலாக்கின் முகத்தை உள்ளூர்ப் பட்டறையில் வாங்கி ஒட்டவைத்திருக்கிறார். குளிர்கால மாதங்களை மட்டும் பார்த்தால் போதும் என்று ஆனபின், அந்தச் செய்தி 1966 பிப்ரவரிச் சுருளில் நாற்பது நிமிடத்தில் கிடைத்தது, எட்டே வரி. 1976இல் மாற்றுப் பத்திரம் கேட்டவர் 1964 என்று சொன்னதற்கும் இந்த முகமே காரணமாக இருந்திருக்கவேண்டும். விற்றவருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி, 1966ஆம் ஆண்டுச் செய்தியின் நகலையும் வைத்து அனுப்பினேன். கதவுப் படியின் மில்லர்-மீட்டியர் தகட்டைத் தானே பொருத்தியதாகவும், கொட்டகையில் கிடந்த இன்னொரு வண்டியிலிருந்து எடுத்தது என்றும் அவர் பதில் எழுதினார். அது மட்டும் என் ஐயத்துக்குக் கிடைத்த சிறு ஆறுதல்.

பேரன் அனுப்பிய உறையில் படத்தோடு, தாத்தாவின் ஓட்டக் குறிப்பேட்டிலிருந்து இரண்டு பக்கங்களின் நகலும் இருந்தது. பக்கத்தை நடுவில் கோடிட்டு, இடப்பக்கம் ஆம்புலன்ஸ், வலப்பக்கம் அடக்கம் என்று எழுதியிருக்கிறார். இரண்டுக்கும் வண்டி ஒன்றே, மைல் கணக்கும் தொடர்ச்சியானது. இடப்பத்தி நீளமாகவும் வலப்பத்தி குறுகியும் இருக்கிறது. ஒரே தேதி இரண்டு பத்திகளிலும் வரும் இடங்கள் சில உண்டு. எண்ணெய்ச் சீட்டில் இருந்த 11,400 மைல் 1964 ஜூன் மாதத்துப் பதிவுகளுக்கு இடையில் வந்து உட்கார்ந்தது. வண்டி 1974இல் விற்கப்பட்டது என்பதும் கடைசி வரியில் இருக்கிறது. வாங்கியவர் பெயருக்குப் பதிலாக, நீளமுடிக்காரப் பையன் என்று மட்டும் தாத்தா எழுதியிருக்கிறார். ஊதா நிறத்தின் கதை அத்துடன் முடிந்தது.

கணக்கு: கேமரா 32, தூரிகைகளும் எண்ணெயும் காகிதங்களும் 27, புற ஊதா விளக்கு 14, விற்பனைக் கையேடு 45, நாற்பத்தாறு நகல்களுக்குப் பக்கத்துக்கு 25 செண்ட் வீதம் பதினொன்றரை, நான்கு பயணங்களின் பெட்ரோல் 138, அஞ்சல்தலைகள் 9, காப்பகக் கட்டணத்தையும் சேர்த்தால் 360 டாலருக்குச் சற்றுக் குறைவு. இதில் பிக்குவாவுக்குச் சென்ற இரண்டு பயணங்களும் 1964ஆம் ஆண்டுக் கையேட்டை வாங்கிய தனிச் செலவும் எண்ணை முதலில் பார்த்திருந்தால் தேவைப்பட்டிருக்காதவை. கையேட்டின் விலையை எழுத மனம் வரவில்லை.

அடுத்த முறை செய்வதாக இருந்தால், பணம் கொடுப்பதற்கு முன்பே கொட்டகையில் படுத்துக்கொண்டு சட்டத்து எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுப்பேன். வினைலை உரிப்பதற்கு முன் கூரையை நான்கு மூலைகளிலிருந்தும் படமெடுப்பேன். இப்போது துளைகளின் இடத்தைச் சொல்ல என்னிடம் உரித்த பின் எடுத்த படங்கள்தான் இருக்கின்றன. எண்ணெய்ச் சீட்டின்மேல் முதல் நாள் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். தெருப் பெயரின் மறுபாதி அதில்தான் போயிருக்கவேண்டும். மைக்ரோஃபிலிமில் அமர்வதற்கு முன் கடிதத்தை எழுதியிருப்பேன்.

முன்பக்கத்தை 1963ஆம் ஆண்டுக் கிரிலுக்கு மாற்றுவதா என்று சில நாள் யோசித்தேன். ஒருவர் நல்ல நிலையில் உள்ள கிரிலை 400 டாலருக்குத் தருவதாகவும் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கையால் வெட்டிய பட்டைகளைத் துருநீக்கி, பிரைமர் அடித்து, மூன்று வாஷர்களையும் ஐந்து வாஷர்களையும் அதே வரிசையில் மீண்டும் மாட்டியிருக்கிறேன். உரிமைப் பத்திரத்தில் எண்ணைத் திருத்தும் விண்ணப்பம் இப்போது அலுவலகத்தில் இருக்கிறது. பென்சில் பிரிண்டை அவர்கள் ஏற்கவில்லை. ஆய்வாளர் ஒருவர் வந்து நேரில் பார்க்கவேண்டுமாம். அவர் குனிந்து பார்ப்பதற்கு வசதியாகக் கொட்டகையிலிருந்து வண்டியை வெளியே எடுத்து நிறுத்தியிருக்கிறேன்.